திரையில் உடைந்த அணையும் தராசில் நிற்கும் அணையும்

முன்னுரை

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் சமண இலக்கியம் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இந்தத் தடவை சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். "நயினாருக்கு இந்த வயசில் என்ன ஆச்சு?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். நான் எழுதப் போவது ஒரு படத்தின் கதையைப் பற்றியல்ல. அந்தப் படமும் அதையொட்டித் தொலைக்காட்சிகள் காட்டியதும் அறிவியல் கணக்குப்படி சரிதானா என்பதைப் பற்றி. அந்தக் கணக்குப் பிழையால் நம் தமிழ்க் குடும்பங்கள் இந்த மலைநாட்டில் பட்ட பாட்டை நேரில் கண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் என்ஜினியர் அல்ல. பிறந்தது வந்தவாசிப் பக்கம். பிழைக்க வந்தது பாலக்காடு. தொழில் மலைச்சரக்கு. ஏலக்காய், மிளகு வாங்குவதற்காக முப்பத்தைந்து வருடங்களாகக் குமுளி, வண்டன்மேடு, போடி என்று அலைந்தவன். ஏலக்காய் வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு லிட்டர் படியில் அளந்து, அது எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காய் பெரியதாக, பளபளவென்று இருக்கும். உள்ளே அரிசி இருக்காது. லிட்டர் எடை போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். திரைப்படத்தையும் அப்படி எடை போட்டுப் பார்த்தால் என்ன என்பதுதான் இக்கட்டுரை.

படம் வந்த வேளை

2011 ஜூலை மாதத்திலும் மறுபடி நவம்பர் மாதத்திலும் இடுக்கி மாவட்டத்தில் லேசான நில அதிர்வுகள் வந்தன. எல்லாம் ரிக்டர் அளவில் நான்குக்கும் கீழ். ஆனாலும் மக்கள் பயந்தது உண்மை. அந்தப் பயம் அடங்குவதற்குள், 2011 நவம்பர் 25ஆம் தேதி 'டேம் 999' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. இயக்கியவர் கேரளத்தைச் சேர்ந்த சோஹன் ராய். பழைய அணை ஒன்று உடைந்து ஊரே அழிவது கதையின் உச்சம். அதற்கு முந்தின நாளே தமிழ்நாடு அரசு அந்தப் படத்தைத் தடை செய்துவிட்டது.

படம் கற்பனை என்றும், சீனாவில் 1975இல் பான்சியாவ் அணை உடைந்ததே தூண்டுதல் என்றும் இயக்குநர் தரப்பில் சொன்னார்கள். ஆனால் தலைப்பில் 999 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசும் ஆங்கில அரசும் எழுதிக்கொண்ட பெரியாறு குத்தகையின் காலம்தான் 999 ஆண்டுகள். இது குமுளி டீக்கடைச் சிறுவனுக்கும் தெரியும். பெயர்ப்பலகையில் முல்லைப் பெரியாற்றை எழுதிவிட்டு உள்ளே கற்பனைச் சரக்கு விற்பது எந்த வியாபாரத்தில் சேர்த்தி?

டிசம்பர் பிறந்ததும் நிலைமை கெட்டது. குமுளியில் 144 தடை. கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே வண்டி ஓடவில்லை. ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு காட்டுப் பாதையில் இறங்கித் தேனி மாவட்டத்துக்கு நடந்தே போனார்கள். எல்லையின் அந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளுக்கும் இதே கதிதான். எனக்குத் தெரிந்த ஒரு தமிழர் கடையின் கண்ணாடி நொறுங்கியது. என் சரக்கு பதினெட்டு நாள் ஒரு கிடங்கில் கிடந்து நிறம் மாறிவிட்டது. நிறம் போன காயை விற்றுவிடலாம். நம்பிக்கை போனால் என்ன செய்வது?

அப்போது என் மகள் பத்தாம் வகுப்பு. பாலக்காட்டுப் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக் கூட இறக்காமல் கேட்டாள்: "அப்பா, நம்ம ஆளுங்க தண்ணிக்காக முப்பது லட்சம் பேரைக் கொல்லப் பாக்கிறாங்கன்னு கிளாஸ்ல சொல்றாங்க. நெசமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொன்னால் போதாது. கணக்குச் சொல்ல வேண்டும். அன்றுதான் அணைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அவளும் உட்கார்ந்து படித்தாள். பின்னாளில் அவள் சிவில் என்ஜினியரிங் எடுத்ததற்கு அந்தக் கேள்விதான் விதை என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.

படத்தைப் பார்க்காமல் பேசக் கூடாது என்று, சரக்கு விஷயமாக எர்ணாகுளம் போன இடத்தில் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். எங்கள் சமண நூலான நீலகேசியில், நாயகி ஒவ்வொரு சமய ஆசானிடமும் போய், முதலில் அவர் கொள்கையைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் மறுக்கத் தொடங்குவாள். பார்க்காத படத்தைத் தடை செய்யச் சொல்வதும், படிக்காத அணையை உடைக்கச் சொல்வதும் ஒரே வகைப் பிழைதான்.

அணை எதனால் நிற்கிறது?

முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. கர்னல் பென்னிகுவிக் தலைமையில் கருங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிச் சாந்தும் கொண்டு கட்டினார்கள். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. நீளம் சுமார் 1200 அடி. இது 'எடை அணை' என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது தன் சொந்தப் பாரத்தாலேயே தண்ணீரின் தள்ளுதலை எதிர்த்து நிற்பது. மேலே ஒடுங்கி, கீழே அகன்று, கிட்டத்தட்ட முக்கோணமாக இருக்கும். இதற்கு மாறாக இடுக்கி அணை வளைவு அணை. தண்ணீரின் தள்ளுதலை இரண்டு பக்க மலைகளின் தோளிலும் ஏற்றிவிடுவது. இந்த இரண்டு வகைக்கும் உடையும் விதம் வேறு. படம் எடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

படங்களில் வழக்கமாக ஒரு காட்சி வரும். அணைக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கடல்போல் ஏரி. 'இவ்வளவு தண்ணீரையும் இந்தக் கிழட்டுச் சுவர் தாங்குமா?' என்று நம் வயிறு கலங்கும். இங்கேதான் முதல் பிழை. ஏரி எத்தனை மைல் பின்னால் நீண்டிருந்தாலும் சுவரின் மேல் விழும் தள்ளுதல் கூடாது. அது தண்ணீரின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு குறுகிய டின், ஓர் அகலமான டின் இரண்டையும் எடுத்து, ஒரே உயரத்தில் ஆணித் துளை போட்டு, ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் தண்ணீர் பீய்ச்சும். தேக்கடியில் ஏரி எவ்வளவு தூரம் பரந்திருந்தாலும் சுவருக்குத் தெரிவது தன் முன்னால் நிற்கும் தண்ணீரின் உயரம்தான்.

ஆனால் உயரம் விஷயத்தில் தண்ணீர் பொல்லாதது. அரிசி மூட்டையில் பத்து சதவீதம் குறைத்தால் பாரம் பத்து சதவீதம்தான் குறையும். தண்ணீரின் தள்ளுதல் உயரத்தின் வர்க்கப்படி மாறும். முல்லைப் பெரியாற்றின் பழைய முழு மட்டம் 152 அடி. 1979க்குப் பிறகு அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 16 அடி என்பது பத்தரை சதவீதம். 136ஐ 136ஆல் பெருக்கினால் 18,496. 152ஐ 152ஆல் பெருக்கினால் 23,104. ஆக, தள்ளுதல் குறைந்தது 20 சதவீதம். 142 அடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 13 சதவீதம் குறைவு. சில அடிகளுக்காக இரண்டு மாநிலமும் ஏன் உச்சநீதிமன்றம் வரை போயின என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். இது தண்ணீரின் நேர்த் தள்ளுதல் மட்டும்தான். அடியிலிருந்து மேலே தூக்கும் அழுத்தமும் நில அதிர்வும் தனிக் கணக்கு.

1979க்குப் பிறகு அணையின் தலையில் கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள். மேலிருந்து துளையிட்டு இரும்பு வடங்களை அடிப்பாறையோடு பிணைத்தார்கள். பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 2006 பிப்ரவரி 27இலும், பிறகு ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே 7இலும், 142 அடி வரை தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையில் காட்டப்படும் பழைய அணைகள் ஒருபோதும் பழுது பார்க்கப்படுவதில்லை. கட்டிய நாளிலிருந்து உடையும் நாள் வரை சும்மாவே நிற்கின்றன.

நில அதிர்வையும் திரை சரியாகக் காட்டுவதில்லை. பூமி ஆடியவுடன் சுவர் கண்ணாடிபோல் சிதறுகிறது. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைக்கு மிக அருகில் 1967 டிசம்பர் 11 அன்று ஆறு புள்ளிக்கும் மேற்பட்ட நிலநடுக்கம் வந்தது. அதுவும் எடை அணைதான். விரிசல் விட்டது. ஆனால் நின்றது. பிறகு பலப்படுத்தினார்கள். நான்கு புள்ளிக்கும் ஆறு புள்ளிக்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று எண்ணக் கூடாது. அந்த இரண்டு புள்ளியில் வெளிப்படும் ஆற்றல் சுமார் ஆயிரம் மடங்கு. கொய்னா நின்றதால் முல்லைப் பெரியாறும் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. கொய்னா கான்கிரீட் அணை, பெரியாறு சுண்ணாம்புச் சாந்து அணை. கசிவில் சுண்ணாம்பு கரைந்து வெளியேறுவது பற்றிய கவலை நியாயமான கவலை. அதை அளக்க வேண்டும், அளக்கவும் செய்கிறார்கள். அளப்பது வேறு, அலறுவது வேறு.

அணை எப்படி உடைகிறது?

என் சொந்த ஊர்ப்பக்கம் ஏரிப் பாசனம். ஏரிக்கரை எப்போது உடையும் என்று எங்கள் தாத்தாமார்களுக்கு நன்றாகத் தெரியும். கலிங்கல் போதாமல் தண்ணீர் கரைக்கு மேல் வழிந்தால் உடையும். மண் கரையின் மேல் ஒரு சாண் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் மழைக்காலத்தில் ராத்திரி ராத்திரியாகக் கலிங்கல் அருகில் காவல் இருப்பார்கள்.

பான்சியாவில் 1975 ஆகஸ்டில் நடந்தது இதுதான். புயல் மழையில் தண்ணீர் கரைக்கு மேல் வழிந்து, மண் அணை அறுபட்டது. சுற்றுவட்டாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அணைகள் அந்த மழையில் போயின. செத்தவர் பல்லாயிரம். குஜராத்தின் மோர்வியில் 1979 ஆகஸ்ட் 11இல் மச்சு இரண்டாம் அணை உடைந்தபோதும் மண் கரைகள்தான் போயின. வடிவமைத்த அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் வந்தது, மதகுகள் போதவில்லை. ஆக, படத்துக்குத் தூண்டுதலான அணை மண் அணை. படத்தின் பெயர் சுட்டுகிற அணை கல் அணை. ஒன்றின் சாவை இன்னொன்றின் தலையில் வைத்துக் காட்டினால் அது மருத்துவர் ஒருவரின் எக்ஸ்ரேயை வைத்து இன்னொருவருக்கு வைத்தியம் பார்ப்பது போல் ஆகும்.

அப்படியானால் கல் அணை உடையவே உடையாதா? உடையும். நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1961 ஜூலை 12இல் புனே அருகே பான்ஷேட் என்ற மண் அணை உடைந்தது. அந்த வெள்ளம் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையில் போய் மோதியது. கடக்வாஸ்லா பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல் அணை, பெரியாற்று அணைக்குச் சற்று மூத்தது. மேலே வழிந்த வெள்ளத்தில் அதுவும் உடைந்தது. புனே நகரம் மூழ்கியது. ஒரு அணை உடைந்து இன்னொரு அணையை உடைக்கும் என்று கேரளத்து மக்கள் பயப்படுவது வெறும் கட்டுக்கதை இல்லை என்பதற்கு இது சாட்சி. இதை நம் மேடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். நமக்குப் பாதகமான உண்மையையும் தராசில் வைத்தால்தான் தராசுக்கு மரியாதை.

'டேம் 999' எடுத்தவர்கள் பான்ஷேட்டைக் கதையாக எடுத்திருந்தால் அறிவியலும் சரியாக இருந்திருக்கும், பாடமும் கிடைத்திருக்கும். அவர்கள் கதையில் சோதிடமும் ஆயுர்வேதமும் காதலும் சேர்ந்து வருகின்றன. அணை எதனால் உடைந்தது என்ற காரணம் பார்வையாளர் மனதில் நிற்பதில்லை, உடைந்தது மட்டுமே நிற்கிறது.

தண்ணீர் எங்கே போகும்?

தொலைக்காட்சிகளுக்கு வருவோம். 2011 டிசம்பரில் எந்தச் சானலைத் திருப்பினாலும் கம்ப்யூட்டர் படம். அணை உடைகிறது, நீல நிறம் பாய்கிறது, ஐந்து மாவட்டம் கரைந்து அரபிக் கடலில் போய்ச் சேருகிறது. நடுவில் இடுக்கி என்று ஓர் அணை இருப்பது சில படங்களில் கண்ணிலேயே படவில்லை.

முல்லைப் பெரியாறு 152 அடியில் முழுதாக நிறைந்தால் 15.66 டி.எம்.சி. இடுக்கியின் கொள்ளளவு சுமார் 70 டி.எம்.சி. நாலரையில் ஒரு பங்கு. இடுக்கியில் இடம் காலியாக இருந்தால் தண்ணீரைத் தாங்கும். 2011 டிசம்பரில் கேரள அரசின் அட்வகேட் ஜெனரலே இந்தக் கருத்தை உயர்நீதிமன்றத்தில் சொன்னார். அதற்காக அவர்மேல் பாய்ந்தார்கள். ஆனால் 2018 ஆகஸ்ட் மாதம் போல் இடுக்கியே விளிம்புவரை நிறைந்திருந்தால்? அந்த ஆண்டு ஆகஸ்ட் 9இல் செறுதோணி மதகுகளை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்க வேண்டி வந்தது. அப்படி ஒரு நாளில் கணக்கு வேறு. ஆகவே 'உடைந்தால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு 'எந்தத் தேதியில்?' என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லும் எந்தத் தொலைக்காட்சியும் அறிவியல் பேசவில்லை.

இன்னொரு விஷயம், இதுதான் என் மனதை அறுப்பது. இடுக்கி தாங்கட்டும், தாங்காமல் போகட்டும். முல்லைப் பெரியாற்றுக்கும் இடுக்கிக்கும் நடுவே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை, அய்யப்பன்கோவில் என்று ஊர்கள் இருக்கின்றன. எந்தத் தேதியாக இருந்தாலும் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். அங்கே யார் இருக்கிறார்கள்? ஆற்றங்கரையிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் இருப்பவர்களில் நம் தமிழ் மக்கள் எத்தனை பேர்! தலைமுறைகளாகக் கொழுந்து பறிப்பவர்கள். கேரளத்துச் சானல்கள் கொச்சி மூழ்குவதைக் காட்டின. தமிழ்ச் சானல்கள் மதுரை வறண்டு போவதைக் காட்டின. வண்டிப்பெரியாறு இரண்டிலும் இல்லை.

தை மாதம் வழி திறந்த பிறகு வண்டிப்பெரியாறு போனேன். எனக்குப் பழக்கமான ஒரு வயதான தோட்டத் தொழிலாளி அம்மாளிடம், "நீங்க ஊருக்குப் போகலியாம்மா?" என்று கேட்டேன். அங்கெல்லாம் என்னைச் 'செட்டியார்' என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்துவதை நான் விட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "எந்த ஊருக்குப் போறது செட்டியாரே? டேம் ஒடஞ்சா மொதல்ல போறது நாங்க. ஒடையலைன்னாலும் அடி வாங்குறது நாங்க. எங்களைக் கேட்டுக்கிட்டா படம் எடுக்கிறாங்க?" நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு சரியான வாசகம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில், 1943 மே மாதம், ஜெர்மனியின் மோனே அணையைப் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. அதுவும் கல்லால் கட்டிய எடை அணை. நடுவில் ஒரு பெரிய வாய் திறந்தது, மீதிச் சுவர் அப்படியே நின்றது. 1955இல் இதை வைத்து 'தி டேம் பஸ்டர்ஸ்' என்ற புகழ்பெற்ற படம் வந்தது. வெடிகுண்டின் உண்மையான வடிவம் அப்போதும் அரசு இரகசியம் என்பதால், படத்தில் வேறு வடிவத்தைக் காட்டினார்கள். அந்தப் பிழையை உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். ஆனால் அன்று வெள்ளத்தில் செத்தவர்களில் பெரும் பகுதியினர், அணைக்குக் கீழே முகாமில் அடைத்து வைக்கப்பட்டிருந்த வேற்றுநாட்டுத் தொழிலாளர்கள், அதிலும் உக்ரேனியப் பெண்கள் அதிகம். படம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. குண்டின் வடிவம் தப்பானது சின்னப் பிழை. ஆற்றோரத்துக் கூலிக்காரர்களை விட்டுவிட்டது பெரிய பிழை. பிழைக்க வந்த இடத்தில் ஆற்றங்கரையில் இடம் கிடைத்தவர்கள் எந்த நாட்டிலும் படத்தில் வருவதில்லை போலும்.

நம் பக்கத்துத் தட்டு

இப்போது நம் பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்போம். 'டேம் 999' வருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன், 2011 தீபாவளிக்கு '7ஆம் அறிவு' வந்தது. போதிதர்மரின் ஆற்றல் அவர் பரம்பரையில் வந்தவரின் மரபணுவில் தூங்கிக்கொண்டிருப்பதாகவும், அதை ஆய்வுக்கூடத்தில் எழுப்பலாம் என்றும் கதை. பாலக்காட்டில் தமிழ்க் குடும்பங்கள் திரண்டு போய்க் கை தட்டினோம். நானும் தட்டினேன். மரபணுவில் கண் நிறமும் முடி வளமும் இறங்கி வரும். படித்த வைத்தியமும் பழகிய வித்தையும் இறங்கி வராது. அப்படி வருமானால் என் பாட்டனார் பாடம் செய்த நூல்களை நான் ஏன் கண் நோகப் படிக்க வேண்டும்? ஆனால் அது நம் பெருமையைப் பேசியது, எனவே அறிவியல் பிழை நமக்குப் பிழையாகத் தெரியவில்லை. அடுத்த மாதமே இன்னொருவர் படத்தில் அறிவியல் இல்லை என்று கொதித்தோம்.

பென்னிகுவிக் இங்கிலாந்தில் தன் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் கேட்கிறோம். அவர் பெருமைக்குரியவர். 2013 ஜனவரி 15இல் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்ததும் தகும். ஆனால் அந்தச் சொத்து விற்ற கதைக்கு ஆவணச் சான்று எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. மலேரியாவிலும் காலராவிலும் செத்த கூலித் தொழிலாளர் பற்றி ஆவணம் இருக்கிறது, அதை யாரும் காட்சியாக்கவில்லை. அதேபோல் "அணை 999 வருஷம் நிக்கும்னு வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்திருக்கான்" என்று நம்மவர்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். அது குத்தகையின் வயது, சுவரின் வயது அல்ல. அந்தப் பக்கம் அணைக்கு ஐம்பது வருடம்தான் ஆயுள் என்பார்கள். மும்பைக்குத் தண்ணீர் தரும் தான்சா அணை 1892இல் கட்டிய கல் அணை. ஐம்பதும் தப்பு, 999உம் தப்பு. அணைக்கு ஜாதகம் கிடையாது, பராமரிப்புதான் உண்டு.

தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமைதி காக்கத் தடை செய்தோம் என்று அரசு சொன்னது, அன்றைய நிலையில் அது புரிகிறது. ஆனால் தடையால் ஒரு கணக்குப் பிழையும் திருந்தவில்லை. கேரளத்தில் படம் ஓடியது. நம் பிள்ளைகளுக்கு அணை எப்படி நிற்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தணிக்கைக் குழு பார்ப்பது ஆபாசம், வன்முறை, பொது அமைதி போன்றவற்றை. அறிவியல் சரியா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. அந்த வேலை நம்முடையது. 2025இல் 'எம்புரான்' வந்தபோது மறுபடி அணைப் பேச்சு, மறுபடி தேனி விவசாயிகளின் போராட்டம். இடையில் பதிமூன்று ஆண்டுகள் போய்விட்டன. நாம் ஒரு பாடப் பக்கம் கூட எழுதவில்லை.

படமாகாத விபத்துகள்

உண்மையான விபத்து எப்படி இருக்கும்? நம் பாலக்காடு மாவட்டத்திலேயே பாருங்கள். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்தது. சுமார் 20,000 கன அடி தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் ஓடியது. அணை இருப்பது கேரளத்தில், நடத்துவது தமிழ்நாடு. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பாரத்தைத் தாங்கிய சங்கிலிதான் அறுந்தது. 2024 ஆகஸ்ட் 10இல் கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையிலும் சங்கிலி அறுந்து 19ஆம் மதகு அடித்துப் போனது. துருப்பிடித்த சங்கிலிக்குத் திரையில் என்ன மதிப்பு? ஆனால் அணை காப்பது என்பது அந்தச் சங்கிலிக்குக் காலாகாலத்தில் மசகு போடுவதுதான்.

2018 வெள்ளத்தை வைத்து 2023இல் '2018' என்ற மலையாளப் படம் வந்தது. மழை, இருட்டு, மீனவர்களின் மீட்பு எல்லாம் நம்பும்படி எடுத்திருந்தார்கள். அதிலும் தமிழ்நாட்டிலிருந்து வெடிமருந்து கொண்டுவரும் லாரிக்காரர் ஒருவர் தமிழர். போகட்டும். அந்த வெள்ளத்துக்கு முல்லைப் பெரியாற்றைத் திடீரென்று திறந்ததும் ஒரு காரணம் என்று கேரள அரசு உச்சநீதிமன்றத்தில் சொன்னது. மத்திய நீர்வள ஆணையமோ, அடாத மழையே காரணம் என்றும், அது 1924 ஜூலையில் தேவிகுளத்தை மையமாக வைத்துக் கொட்டிய மழைக்கு நிகரானது என்றும் அறிக்கை தந்தது. கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பதாம் வருட வெள்ளம்' என்று பாட்டிமார் சொல்வது அந்த 1924 வெள்ளத்தைத்தான். மூணாற்றில் அன்றிருந்த சின்ன ரயிலையே அது அடித்துப் போனது. அப்போது இடுக்கி அணையும் இல்லை, படம் எடுப்பாரும் இல்லை.

கடைசியாக, 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு இராஜமலை அருகே பெட்டிமுடி. ஒரே நாளில் சுமார் 60 சென்டிமீட்டர் மழை. மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அணைப் பயத்தில் ஊரே அலறிய அந்த மாவட்டத்தில், நம் மக்களைக் கொன்றது அணை அல்ல, தலைக்கு மேல் இருந்த மண். சரிவான மலையின் மண் தண்ணீரைக் குடித்துக் குடித்து, துளைகளில் அழுத்தம் கூடி, பாறையின் பிடியை விட்டுவிடுகிறது. எந்தச் சரிவு, எத்தனை மழை என்று முன்கூட்டிக் கணித்து எச்சரிக்கலாம். எச்சரிக்கை வர வேண்டிய இடம் லயம். அதைப் படமாக எடுக்க யாரும் வரவில்லை. உடைகிற அணையைக் காட்டினால் டிக்கெட் விற்கும். சரிகிற லயத்தைக் காட்டினால் யார் வாங்குவார்?

முடிவுரை

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மலையாளி மாஷ் ஒருவர் இருக்கிறார். 2011 டிசம்பரில் தெருவே இரண்டு பக்கமாக நின்றபோது, ஒரு நாள் சாயங்காலம் அவரை வீட்டுக்கு அழைத்து, அந்த இரண்டு டின் சோதனையைச் செய்து காட்டினேன். என் மகள் தண்ணீர் ஊற்றினாள். மாஷ் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நயினாரே, இது சரிதான். ஆனா கடக்வாஸ்லா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பெயரே அன்றுதான் தெரியும். அதைப் படித்த பிறகுதான் அவர் பயத்தின் நியாயம் எனக்குப் புரிந்தது, என் கணக்கின் நியாயம் அவருக்குப் புரிந்தது. அதன்பின் எங்களுக்குள் அணையைப் பற்றிச் சண்டை வந்ததில்லை. பேச்சு மட்டும் உண்டு.

2012இல் நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு, அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று சொன்னதோடு, புதிய அணை, அல்லது 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் என்று மாற்று வழிகளையும் சொன்னது. இப்போதுள்ள சுரங்கம் வழியாக 104 அடிக்குக் கீழ் உள்ள தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வராது. தாழ்வான சுரங்கம் வந்தால் குறைந்த மட்டத்திலும் தண்ணீர் கிடைக்கும், சுவரின் மேல் பாரமும் குறையும். வேண்டும், வேண்டாம் என்பது வேறு விவாதம். ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே எத்தனை தமிழருக்கும் மலையாளிக்கும் தெரியும்? எந்தத் தொலைக்காட்சி விளக்கிற்று?

மாநிலத்துக்கு வெளியே வாழும் நாம் இரண்டு மொழிச் செய்தியும் கேட்கிறவர்கள். இரண்டு பக்கப் பொய்யும் நம் வீட்டு வரவேற்பறைக்கு வருகின்றன. ஆகவே நிறுத்துப் பார்க்கும் பொறுப்பும் நமக்குத்தான் அதிகம். நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, வருடா வருடம் பாட்டு, நடனம், பட்டிமன்றத்தோடு, நம் பிள்ளைகளுக்கு அணை, மழை, மண்சரிவு பற்றி ஒரு நாள் வகுப்பு. மலையாளப் பிள்ளைகளையும் அழைக்க வேண்டும். இரண்டு, வண்டிப்பெரியாறு, மூணாறு லயங்களில் எச்சரிக்கை மணியும் தமிழில் அறிவிப்புப் பலகையும் வைக்க மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு மனு. படம் எடுப்பவர் எடுக்கட்டும். தண்ணீரோ மண்ணோ வரும்போது முதலில் போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். அந்த அம்மாள் என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்.